வர்ணம் பூசுமுன் வீட்டின் வயதைக் கேளுங்கள்

புது வீடு வாங்கினால் நாம் முதலில் செய்வது குடிபூரலுக்கு நாள் பார்ப்பது. நாள் குறித்த பின்புதான் சுவர் நினைவுக்கு வரும். பிறகு இரண்டே நாட்களில் அவசரம் அவசரமாகப் பெயின்ற் அடித்து முடிப்போம்.

ஸ்காபரோவில் 1950களில் கட்டிய வீடொன்றை வாங்கியபோது நாங்களும் இப்படித்தான் செய்தோம். ஆறு மாதத்தில் அடுப்புக்கு மேலே வர்ணம் உரியத் தொடங்கியது. உரிந்த இடத்தைச் சான்ட் பேப்பரால் தேய்த்தோம். பக்கத்து அறையில் பத்து மாதக் குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னது வேலை முடிந்த பின்புதான். குடும்ப வைத்தியரிடம் ஓடினோம். இரத்தப் பரிசோதனையில் பயப்பட எதுவும் இல்லை என்று வந்தது. ஆனால் அந்த முடிவு வரும்வரை நாங்கள் பட்ட பாட்டை வேறெந்தக் குடும்பமும் படக்கூடாது.

முதலில் வீட்டின் வயது

கனடாவில் 1960க்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் ஈயம் கலந்த வர்ணம் இருக்கும் வாய்ப்பு அதிகம். உட்புற வர்ணங்களில் ஈயத்தின் அளவைச் சட்டம் கட்டுப்படுத்தியது 1976இல்தான். 1960க்கும் 1990க்கும் இடையில் கட்டியவற்றின் உட்சுவர்களில் சிறிதளவு இருக்கலாம். அதன் பின் கட்டிய வீடுகளில் பயமில்லை.

வாய்வழியே உள்ளே போகும் ஈயத்தைக் குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சுகிறது. அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கர்ப்பிணித் தாயின் இரத்தத்தில் உள்ள ஈயம் கருவில் இருக்கும் சிசுவையும் சென்றடையும்.

பழைய வர்ணம் சுவரில் இறுகப் பிடித்திருந்தால் அதைச் சுரண்டாமல் மேலே பூசிவிடலாம். உரிந்தோ வெடித்தோ இருந்தால் காய்ந்த நிலையில் தேய்க்கவோ சூடாக்கி உரிக்கவோ வேண்டாம். உரிந்த துண்டொன்றை ஆய்வுகூடத்தில் பரிசோதிப்பியுங்கள். ஈயம் இருப்பது உறுதியானால் அதற்கெனப் பயிற்சி பெற்றவர்களிடம் வேலையை ஒப்படையுங்கள். சாதாரணத் தூசு முகமூடி இதற்குப் போதாது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த நாட்களில் வீட்டில் இருக்கக்கூடாது.

நீண்ட நாள் நிற்க

ஈயம் இல்லை என்று தெரிந்த பின் தாராளமாக வேலையைத் தொடங்கலாம். நம் குசினிச் சுவர்களில், தாளிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகை மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். அதன் மேல் எவ்வளவு விலையுயர்ந்த வர்ணமும் ஒட்டாது. எங்கள் சுவர் உரிந்ததும் இதனால்தான். சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, வெறும் தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள்.

ஆணித் துளைகளையும் வெடிப்புகளையும் பில்லர் கொண்டு அடையுங்கள். காய்ந்ததும் 120 இலக்கச் சான்ட் பேப்பராலும், பிறகு 220 இலக்கத்தாலும் தேய்த்து, ஈரத்துணியால் தூசைத் துடையுங்கள். சுவரின் வழுவழுப்பு இந்த வேலையில்தான் இருக்கிறது.

பழைய பூச்சு எண்ணெய் வர்ணமா என்று அறிய, மருந்துக்கடையில் வாங்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். வர்ணம் இளகிப் பஞ்சில் ஒட்டினால் அது தண்ணீர் வர்ணம். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் எண்ணெய் வர்ணம். அதன் மேல் பிரைமர் பூசாமல் தண்ணீர் வர்ணம் பூசினால் உரிந்துவிடும்.

ஒரே தடவையில் தடிப்பாகப் பூசாமல் மெல்லியதாக இரண்டு தடவை பூசுங்கள். முன்பு பூசிய ஓரம் காயுமுன் அடுத்த பகுதியைச் சேர்த்துவிட்டால் கோடு விழாது. கூரைத்தட்டுக்கு மினுக்கம் இல்லாத வர்ணம் நல்லது. வரவேற்பறைக்கும் பிள்ளைகளின் அறைக்கும் இலேசான மினுக்கம் போதும். குசினிக்கும் குளியலறைக்கும் கழுவக்கூடிய, சற்றுக் கூடுதல் மினுக்கமுள்ள வர்ணம் வேண்டும். ஆனால் மினுக்கம் கூடக்கூடச் சுவரின் மேடு பள்ளங்களும் தெளிவாகத் தெரியும்.

காற்றும் பூஞ்சணமும்

வர்ணத்திலிருந்து ஆவியாகும் இரசாயனங்கள் தலைவலி, கண்ணெரிவு என்பவற்றைத் தரலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சிழுப்பைக் கூட்டலாம். கனடா 2009இல் இவற்றின் அளவுக்கு ஒழுங்குவிதி கொண்டுவந்தது. இவை மிகக் குறைந்த வர்ணங்களும் கடைகளில் உண்டு. மணம் இல்லை என்பதால் இரசாயனம் இல்லை என்று எண்ண வேண்டாம். கடையில் கலக்கும் நிறச்சாயமும் அளவைக் கூட்டலாம் என்பதால் விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். யன்னல்களைத் திறந்து வைக்கக்கூடிய காலத்தில் பூசுங்கள். மணம் போகும்வரை குழந்தைகளை அந்த அறையில் படுக்க வைக்காதீர்கள்.

குளியலறைப் பூஞ்சணத்தை வர்ணத்தால் மறைத்தால் அது திரும்பவும் வரும். முதலில் அதைக் கழுவி அகற்றி, ஈரம் வரும் காரணத்தைச் சரிசெய்யுங்கள். குளிக்கும்போதும் குளித்த பின்பும் காற்றாடியை ஓட விடுங்கள்.

பூசிய வர்ணம் முழுமையாக இறுக ஏறத்தாழ ஒரு மாதம் எடுக்கும். அதுவரை சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவாதீர்கள்.

சாவி கைக்கு வரும் நாளுக்கும் குடிபூரலுக்கும் இடையில் இரண்டு கிழமையாவது விட்டு நாள் குறியுங்கள். சோதிடரிடம் நல்ல நேரம் கேட்குமுன், வீட்டு முகவரிடம் வீடு கட்டிய ஆண்டைக் கேளுங்கள்.