ஈ.ஜி.ஆர். வால்வை அடைக்கலாமா?



போன மாதம் ஒரு விவசாயி என்னைத் தேடி வந்தார். சொந்தமாக ஒரு டீசல் பிக்கப் வண்டி வைத்திருக்கிறார். "சார், தக்காளி ஏத்திக்கிட்டு மேட்டுல போனா வண்டி இழுக்க மாட்டேங்குது. கரும்புகையா தள்ளுது. ஈ.ஜி.ஆர். வால்வைத் தகடு வச்சு அடைச்சிட்டா சரியாப் போயிடும்னு மெக்கானிக் சொல்றார். அடைக்கலாமா?" என்று கேட்டார். உங்களில் பலருக்கும் இதே சந்தேகம் இருக்கலாம்.

முதலில், அந்த வால்வு எதற்கு? என்ஜினுக்குள் சூடு மிக அதிகமானால், காற்றில் உள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு என்னும் நச்சு வாயு உண்டாகும். இதைக் குறைக்க, வெளியே போகும் புகையில் ஒரு பங்கைத் திருப்பி, காற்று நுழையும் வழியில் விடுகிறார்கள். எரிந்த புகையில் ஆக்சிஜன் குறைவு. அடுப்பின் வாயைச் சற்று மறைத்தால் தீ அடங்கி எரிகிற மாதிரி, என்ஜினிலும் அனல் தணிகிறது. எவ்வளவு புகை திரும்ப வேண்டும் என்பதை இந்த வால்வு பார்த்துக்கொள்ளும். பாரம் ஏற்றி முழுசாக ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது, பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் அது அநேகமாக மூடிக்கொள்ளும்.

கோளாறு எங்கே வருகிறது? புகைக் கரியும் என்ஜின் ஆயில் ஆவியும் சேர்ந்து தார் போல வால்வில் ஒட்டிக்கொள்கின்றன. வால்வு மூட முடியாமல் திறந்தே நிற்கிறது. நல்ல காற்று குறைகிறது, கரும்புகை வருகிறது, இழுவை போய்விடுகிறது. அப்போது தகடு வைத்து அடைத்தால் வண்டி இழுக்கத்தான் செய்யும். மெக்கானிக் சொல்வது பொய்யில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். மடையில் குப்பை சிக்கிப் பலகை இறங்கவில்லை என்றால் குப்பையை எடுப்போமா, மடையையே சிமெண்டு பூசி அடைப்போமா?

அடைப்பதால் வரும் தொல்லைகள் மூன்று.

ஒன்று, இப்போதைய வண்டிகளில் கம்ப்யூட்டர் இருக்கிறது. புகை திரும்பவில்லை என்று கண்டுகொண்டால் என்ஜின் விளக்கு எரியும். சில வண்டிகளில் வேகத்தையும் இழுவையையும் குறைத்துவிடும்.

இரண்டு, சட்டம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி செய்து கொடுத்த அமைப்பை இஷ்டம்போல் மாற்றக் கூடாது என்கிறது. வாரண்டி இருந்தால் அதுவும் கைவிட்டுப் போகலாம். 'புகைப் பரிசோதனையில் பாஸாகிறதே' என்பீர்கள். டீசல் வண்டிக்கு அங்கே பார்ப்பது புகையின் அடர்த்தியை. நைட்ரஜன் ஆக்சைடை அல்ல.

மூன்று, நம் பயிர். இந்த வாயு வெயிலில் மற்ற வாயுக்களோடு சேர்ந்து ஓசோனாக மாறுகிறது. தரைமட்டத்தில் ஓசோன் கூடினால் நெல், கோதுமை, அவரை இனப் பயிர்களின் இலை பாதித்து மகசூல் குறையும். நம் மூச்சுக்கும் கேடு.

அப்படியானால் என்ன செய்வது? வால்வைக் கழற்றி, கார்புரேட்டர் கிளீனர் தெளித்து, மெல்லிய பிரஷ்ஷால் கரியை எடுக்கச் சொல்லுங்கள். மின்சார மோட்டார் உள்ள பகுதி நனையக் கூடாது. மாட்டும்போது புது கேஸ்கட் போட வேண்டும். கூடவே ஏர் பில்டர், டர்போ ஹோஸ், இன்ஜெக்டர் மூன்றையும் பார்க்க வேண்டும். இவற்றில் கோளாறு இருந்தாலும் இதே கரும்புகை வரும். ரேடியேட்டர் தண்ணீர் காரணமில்லாமல் குறைந்தால் ஈ.ஜி.ஆர். கூலரில் ஓட்டை இருக்கலாம். வால்வை அடைத்தால் அது தீராது. சுத்தம் செய்தும் வால்வு சிக்கினால் மாற்றிவிடுவதே நல்லது.

மறுபடி கரி சேராமலிருக்க, வண்டியை நிறுத்தி வைத்து என்ஜினை வெகுநேரம் ஓடவிடாதீர்கள். கலப்பட டீசல் வேண்டாம். ஆயிலைக் காலத்தில் மாற்றுங்கள்.

டிராக்டர்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய டிராக்டர்களில் இந்த வால்வு பெரும்பாலும் இல்லை. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்டவற்றுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகை விதி வந்திருக்கிறது. அவற்றில் பலவற்றில் இது உண்டு.

அந்த விவசாயி வால்வைச் சுத்தம் செய்தார். பார்த்தால் டர்போ ஹோஸும் கிழிந்திருந்தது, அதையும் மாற்றினார். தகடு வைக்காமலே வண்டி மேடு ஏறுகிறது. நீங்களும் அடைக்கும் முன் ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.