பாதி கட்டினால் கடன் முடிந்துவிடுமா?

வங்கிக் கடனோ கிரெடிட் கார்டு பாக்கியோ மாதக்கணக்கில் நின்றுபோன வீட்டுக்கு ஒருநாள் வசூல் முகவர் போன் செய்வார்: "எண்பதாயிரம் பாக்கி. நாற்பதாயிரம் கட்டுங்கள், கணக்கை முடித்துவிடுகிறோம்." தொல்லை விட்டால் போதும் என்று நகையை அடகு வைத்தாவது கட்டிவிடுகிறோம். ஆனால் சிபில் அறிக்கையில் அந்தக் கடன் 'முடிந்தது' என்று ஏறுவதில்லை, 'செட்டில்டு' என்றே ஏறும். முழுப் பணமும் திரும்பவில்லை என்பது அதன் பொருள். அந்தச் சொல் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

சிபில் ஸ்கோர் 300 முதல் 900 வரை போகும். முகவர் வாசலுக்கு வருவதால் அது இறங்குவதில்லை. தவணை தவறியதை வங்கி முன்பே தெரிவித்திருக்கும். 90 நாள் தாண்டினால் வாராக்கடன். பிறகு 'ரைட் ஆஃப்' என்று எழுதினாலும் அது தள்ளுபடி அல்ல, வசூல் தொடரும்.

இதன் வலி பெரும்பாலும் பிள்ளைகளின் படிப்பில்தான் தெரிகிறது. கல்விக் கடனுக்குப் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். அவர்கள் பதிவையும் வங்கி பார்க்கும். வாப்பாவின் பழைய கார்டு பாக்கி மகளின் விண்ணப்பத்துக்குக் குறுக்கே வந்து நிற்கும். முகதாட்சண்யத்துக்காக நாம் போடும் ஜாமீன் கையெழுத்தும் அப்படித்தான்: வாங்கியவர் கட்டாவிட்டால் நம் பதிவும் கெடும்.

முழுத் தொகையையும் கட்ட முடிந்தால் அதுவே நல்லது. முடியாமல் சமரசத்துக்குப் போனால், எவ்வளவு கட்டுகிறோம், எப்படிப் பதிவாகும் என்பதை வங்கியிடமிருந்தே எழுத்தில் வாங்குங்கள். முகவரின் வாய்ச்சொல் செல்லாது. பணத்தைக் கடன் கணக்கில் மட்டும் செலுத்துங்கள், முகவரின் சொந்த போன் எண்ணுக்கு அனுப்ப வேண்டாம். முன்பே 'செட்டில்டு' ஆகியிருந்தால், விட்டுப்போன மீதியைக் கட்டி, பதிவை மாற்றித் தரும்படி வங்கியைக் கேட்கலாம். கடைசியில் நோ டியூஸ் கடிதம் வாங்காமல் வராதீர்கள்.

காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் பாக்கிக்காகப் போன் செய்யக்கூடாது என்று 2022-லேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகளில் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

சிபில் உள்ளிட்ட நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். கட்டி முடித்த கடன் இன்னும் பாக்கியாகக் காட்டினால் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அறிக்கை புரியவில்லையென்றால் அதை எடுத்துக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வாருங்கள், சேர்ந்து படிப்போம்.