படகுத்துறை மட்டுமல்ல லூமுட்

மலேசியாவின் பங்கோர் தீவுக்குப் படகேறும் இடம் என்றுதான் லூமுட்டைப் பலர் அறிவார்கள். மலாய் மொழியில் பாசி என்று பொருள்படும் பெயர் கொண்ட இந்தச் சிற்றூரின் கலப்பு மரபைக் கடலும் பிழைப்பும் சேர்ந்தே உருவாக்கின. 1874 பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் லூமுட் அடங்கிய டிண்டிங்ஸ் வட்டாரம் பேராக் மாநிலத்திலிருந்து பிரிந்து பிரிட்டிஷாரின் நேரடி ஆட்சிக்குள் போனது, 1935இல்தான் திரும்பியது. மலாய் மீனவர்கள் வாழ்ந்த கரையோரத்துக்கு அருகே, சித்தியவானில், 1903இல் ஃபூச்சோ சீனர்கள் குடியேறினார்கள். ரப்பர் தோட்டங்கள் தமிழரைக் கொண்டுவந்தன.

கடற்படைத் தளமும் தங்கும் விடுதிகளும் வந்தபின் மரபு எங்கே மிஞ்சியது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே, ஆனால் மரபு கட்டடங்களில் மட்டும் குடியிருப்பதில்லை. எதிரே பங்கோரில், கடலைப் பார்த்து நிற்கும் பத்ரகாளியம்மன் கோயிலில் மாசி மகத்தன்று கூட்டம் அலைமோதுகிறது. அதே தீவில் ஃபூ லின் கோங் சீனக் கோயிலும், டச்சுக்காரர் கட்டிய கோட்டையின் எச்சமும் இருக்கின்றன. வேகவைத்து வெயிலில் உலர்த்தும் நெத்திலியைப் பாருங்கள்: மலாய்க்காரர் சம்பலுக்கும் தமிழர் குழம்புக்கும் அதே கருவாடுதான். சேர்ந்து உழைத்த, சேர்ந்து உண்ட பழக்கமே இங்கே மரபு. அதைக் காண, அடுத்த படகுக்கு அவசரப்படாமல் இருந்தால் போதும்.