பிரான்ஸ் ஒரே மொழிக்கு மாறிய கதை

பிரெஞ்சுப் புரட்சியின்போது பிரான்ஸ் மக்களில் பெரும்பாலோருக்கு வீட்டுமொழி பிரெஞ்சு அல்ல. வடமேற்கில் பிரெத்தோன், தெற்கே ஆக்சிதான், ஸ்பெயின் எல்லையில் பாஸ்க், அல்சாஸில் ஜெர்மன் வகைப் பேச்சு என்று வட்டாரத்துக்கு ஒரு மொழி புழங்கியது. நீதிமன்ற ஆவணங்களைப் பிரெஞ்சில் எழுத வேண்டும் என்று 1539இலேயே மன்னர் முதலாம் பிரான்சுவா ஆணையிட்டிருந்தார். அதனால் லத்தீன் விலகியது. உழவர் வீட்டுப் பேச்சு அப்படியே இருந்தது.

புரட்சி அரசு 1790இல் சட்டங்களை வட்டார மொழிகளில் பெயர்த்துத் தரவே முடிவு செய்தது. நான்கே ஆண்டில் எல்லாம் தலைகீழானது. வேறு மொழி பேசுகிறவர்கள் புரட்சிக்கு எதிரிகளாக இருப்பார்கள் என்ற சந்தேகம் தலைதூக்கியது. 1794இல் பாதிரியார் கிரெகுவார் அவையில் வாசித்த அறிக்கையின் தலைப்பே வட்டார மொழிகளை ஒழிப்பது பற்றியதுதான். பிரெஞ்சு அறவே தெரியாதோர் 60 லட்சம், பிழையின்றிப் பேசுவோர் 30 லட்சத்துக்கு மேல் இல்லை என்பது அவர் கணக்கு. எண்கள் உத்தேசமானவை என்றாலும் நிலைமை அதுதான்.

அறிக்கையால் ஆகாததைப் பள்ளிக்கூடம் செய்தது. கல்வி அமைச்சர் ஜூல் ஃபெரி 1881-82இல் கொண்டுவந்த சட்டங்களால் தொடக்கக் கல்வி இலவசமும் கட்டாயமும் ஆயிற்று; பாடமொழி பிரெஞ்சு மட்டுமே. பிரெத்தோன் பகுதிப் பள்ளிகள் பலவற்றில், தாய்மொழியில் பேசி மாட்டிக்கொண்ட பிள்ளையின் கழுத்தில் பழைய மரச்செருப்பு போன்ற ஒரு பொருளைத் தொங்கவிடுவார்கள். அடுத்துப் பேசும் பிள்ளையைப் பிடித்துக் கொடுத்தால் அது கைமாறும். பள்ளி விடும்போது யாரிடம் இருக்கிறதோ, அவருக்குத் தண்டனை. ஆசிரியர் காவல் காக்கவே தேவையில்லை, பிள்ளைகளே ஒருவரையொருவர் வேவு பார்த்தார்கள். லத்தீனும் கிரேக்கமும் படித்த நகரத்துப் பிள்ளைகளுக்கோ பாராட்டுதான் கிடைத்தது. ஆக, குற்றம் இரண்டாவது மொழி அறிவதில் இல்லை. அது ஏழையின் மொழியாக இருப்பதில்தான்.

கட்டாய ராணுவ சேவை, நகரத்து வேலை, வானொலி எல்லாம் பின்னால் சேர்ந்துகொண்டன. தாங்கள் பட்ட அவமானம் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று இரண்டாம் உலகப்போருக்குப் பின் பெற்றோர்களே பிரெத்தோன் பேசுவதை நிறுத்தினார்கள். பாட்டிக்கும் பேரனுக்கும் பொதுமொழி இல்லாத வீடுகளும் உண்டாயின. நூறாண்டுக்கு முன் பத்து லட்சம் பேர் பேசிய மொழியை இன்று பேசுவோர் ஏறத்தாழ ஒரு லட்சம். அவர்களில் பலர் முதியவர்கள்.

பாடங்களைப் பிரெத்தோனிலேயே நடத்தும் திவான் பள்ளிகள் 1977இல் தொடங்கின. 'குடியரசின் மொழி பிரெஞ்சு' என்று 1992இல் அரசியலமைப்பில் சேர்த்த வரி அவற்றுக்கு முட்டுக்கட்டையானது. அரசுப் பள்ளிகளிலும் இம்முறைக்கு இடம் தர நாடாளுமன்றம் 2021இல் ஒப்புதல் அளித்தபோது, அரசியலமைப்பு மன்றம் அதே வரியைக் காட்டி அந்தப் பிரிவை நீக்கிவிட்டது.