பழைய கணினிக்கு ராம் கூட்டுதல்: திறப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

மெதுவாக ஓடும் பழைய மேசைக் கணினியை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, எறிந்துவிடாதீர்கள் என்பதுதான். பல்லேகலயில் எங்கள் ஒழுங்கையில் உள்ள வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் பாவித்த கணினிகள். ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்டதை கடைக்காரர் துடைத்து விற்றவை. கொரோனா காலத்தில் பாடசாலைகள் மூடப்பட்டு ஸூம் வகுப்புகள் தொடங்கியபோது அவசரத்துக்கு வாங்கியவை. அவற்றில் பலவற்றுக்கு இன்னும் சில ஆண்டுகள் உயிர் இருக்கிறது. ராம் போதாமைதான் நோய்.

நான் இதைத் தொழிலாகச் செய்பவன் அல்லன். ஞாயிற்றுக்கிழமைகளில் அயலவர்களுக்குப் பார்த்துக் கொடுப்பேன். அப்படிப் போன ஒரு வீட்டில் இருந்த அக்கா வன்னியிலிருந்து வந்தவர். மகனுக்கு இங்கே கைத்தொழில் வலயத்தில் வேலை. மகள் உயர்தரம் படிக்கிறாள். திருகாணியைக் கையில் எடுத்ததும் அக்கா கேட்டார்: "தம்பி, உதைக் கழட்டினா அவற்ற படமெல்லாம் போயிடுமோ?"

2009 இல் காணாமற்போன கணவரின் படங்கள், ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள், காணாமற்போனோர் அலுவலகத்துக்கு அனுப்பிய கடிதங்கள், எல்லாவற்றையும் மகள் ஸ்கேன் பண்ணி அந்தக் கணினியில் வைத்திருந்தாள். மூலப் படங்கள் பொலித்தீன் பைக்குள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிப் போனவை. அக்கா கேட்டது நியாயமான கேள்வி. நினைவகம் என்ற தமிழ்ச் சொல்லே இந்தக் குழப்பத்தைத் தருகிறது.

படங்களும் கடிதங்களும் இருப்பது வன்தட்டில், அதாவது ஹாட் டிஸ்கில். மின்சாரம் நின்றாலும் அவை அங்கேயே இருக்கும். ராம் என்பது வேலை செய்யும் மேசை போன்றது. அலுமாரியிலிருந்து கோப்புகளை எடுத்து விரித்து வைக்கும் இடம். கணினியை நிறுத்தியதும் அந்த மேசை வெறுமையாகிவிடும். ராமைக் கழற்றுவதால் அலுமாரியில் இருப்பது எதுவும் அழியாது.

ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. பழுதான ராம் ஒன்றைப் போட்டுவிட்டால், அதன் வழியாகப் பிரதி எடுக்கும் கோப்புகள் சத்தமில்லாமல் கெட்டுப்போகலாம். படம் பாதியில் சாம்பல் நிறமாகத் தெரியும், அல்லது திறக்கவே மாட்டாது. ஆகவே பெட்டியைத் திறப்பதற்கு முன்பே, பழைய ராம் இருக்கும்போதே, முக்கியமானவற்றை ஒரு பென்டிரைவிலும் இணையத்தில் ஓர் இடத்திலும் பிரதி எடுங்கள். பிரதி திறக்கிறதா என்று வேறொரு கணினியிலோ கைத்தொலைபேசியிலோ பாருங்கள். அக்கா வீட்டில் அன்று நான் செய்தது அது மட்டும்தான். ராம் வேலை அடுத்த கிழமைக்குப் போனது.

இனி, உண்மையிலேயே ராம்தான் குறையா என்று பார்க்க வேண்டும். வழக்கமாகப் பாவிக்கும் எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் வரும். பெர்போமன்ஸ் பகுதியில் மெமரி என்பதைப் பாருங்கள். 85 வீதத்துக்கு மேலேயே நின்றால் ராம் போதவில்லை. ராம் நிரம்பியதும் கணினி மிச்சத்தை வன்தட்டில் வைத்து வைத்து எடுக்கும். ராமில் இருந்து ஒன்றை எடுக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் சுழலும் வன்தட்டு ஏறத்தாழ ஒரு இலட்சம் மடங்கு மெதுவானது. கணினி இழுபடுவதும், உள்ளே கரகரவென்று சத்தம் கேட்பதும் அதனால்தான். 8 ஜிபி இருந்தும் பாதிதான் நிரம்புகிறது, ஆனாலும் மெதுவாக இருக்கிறது என்றால் ராமுக்குக் காசு செலவழிக்காதீர்கள். அதே காசுக்கு ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கிப் போடுவது நல்லது.

அதே இடத்தில் எத்தனை ராம் இடங்கள் உள்ளன, எத்தனை நிரம்பியுள்ளன என்றும் தெரியும். விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்பதையும் செட்டிங்ஸில் பாருங்கள். வீட்டுக் கணினிகளில் உள்ள 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் பாவிக்காது. அதில் 8 ஜிபி போடுவது வாளியில் கொள்ளாத தண்ணீரை ஊற்றுவது போல.

எந்த வகை ராம் என்பதில்தான் அதிகமானவர்கள் காசை இழக்கிறார்கள். டி.டி.ஆர்.2, 3, 4, 5 என்று வகைகள். ஒன்று மற்றதற்குள் போகாது, நடுவில் உள்ள வெட்டு இடம் மாறி இருக்கும். மின்னழுத்தமும் வேறு. டி.டி.ஆர்.2 க்கு 1.8 வோல்ட், 3 க்கு 1.5, 4 க்கு 1.2. 2007 இல் வந்த டி.டி.ஆர்.3 தான் எங்கள் பக்கத்துப் பாவித்த கணினிகளில் அதிகம். மதர்போட்டுக்கும் எல்லை உண்டு. ஜி31 சிப்செட் உள்ள பழைய கோர் 2 டுவோ கணினிகள் 4 ஜிபியுடன் நின்றுவிடும், ஜி41 என்றால் 8, எச்61 என்றால் 16. சி.பி.யு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் பெட்டியைத் திறக்காமலே இவற்றைப் பார்க்கலாம்.

கண்டி நகருக்குப் போகும்போது பழைய ராமையே கழற்றி ஒரு கடிதவுறைக்குள் வைத்துக் கொண்டு போங்கள். சிங்களம் சரளமாக வராதவர்களுக்கு இது பெரிய உதவி. துண்டைக் காட்டி "இதே மாதிரி" என்றால் போதும், அதன் ஒட்டுத்தாளில் உள்ள எழுத்தும் இலக்கமும் எந்த மொழிக்காரருக்கும் ஒன்றுதான். மிக மலிவாக ஒன்றைக் காட்டினால் நிதானியுங்கள். ஏ.எம்.டி. மதர்போட்டில் மட்டும் வேலை செய்யும் டி.டி.ஆர்.3 துண்டுகள் சந்தையில் உள்ளன, இன்டெல் கணினியில் அவை எழும்பாது. சேர்வர் கணினியிலிருந்து கழற்றிய ராமும் பார்வைக்கு அதே அளவுதான், வீட்டுக் கணினியில் ஓடாது. மாற்றித் தருவோம் என்ற வாக்குறுதியைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். 2025 இன் கடைசி மாதங்களில், செயற்கை நுண்ணறிவு நிலையங்களுக்காக உற்பத்தி திரும்பியதால், உலகச் சந்தையில் ராம் விலை கடுமையாக ஏறியது. பாவித்த நல்ல துண்டு கிடைத்தால் அதை எடுப்பதில் தவறில்லை.

பூட்டும் வேலை பத்து நிமிடம். கணினியை நிறுத்தி, வயரைச் சுவரிலிருந்தே கழற்றிவிடுங்கள். பிறகு பவர் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்தி வைத்தால் உள்ளே மிஞ்சிய மின்சாரம் போய்விடும். சித்திரை மாதத்துப் பின்னேர இடிமின்னல் நேரத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். பெட்டியைப் படுக்க வைத்து, பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே உள்ள வெறும் உலோகத்தை ஒருதரம் தொடுங்கள். உடம்பில் உள்ள நிலைமின் அதில் இறங்கிவிடும். ராம் இடத்தின் ஓரக் கொளுக்கியை வெளியே தள்ளி, வெட்டும் மேடும் பொருந்துகிறதா என்று பார்த்து, இரண்டு ஓரத்தையும் பெருவிரலால் அழுத்துங்கள். டிக் என்று கொளுக்கி தானாக மூட வேண்டும். பொருந்தாவிட்டால் பலம் கொடுக்காதீர்கள், அது வேறு வகை ராம்.

பலர் பயப்படுவது, போட்டதும் திரை கறுப்பாகி பீப் சத்தம் வரும்போது. பெரும்பாலும் சரியாக இறங்காததுதான் காரணம். கழற்றி, பொன்னிற விளிம்பை மென்மையான அழிறப்பரால் மெல்லத் துடைத்து, தூளை ஊதி, திரும்பப் போடுங்கள். இந்தப் பக்கத்து ஈரப்பதனில் விளிம்பு மங்குவது வழமை. பழையதும் புதியதும் வெவ்வேறு வேகம் என்றால் இரண்டும் குறைந்த வேகத்தில் ஓடும், பிழையில்லை.

விண்டோஸ் எழும்பியதும் மெமரி டயக்னொஸ்டிக் என்று தேடி ஓடவிடுங்கள். முடிந்தால் மெம்டெஸ்ட்86 ஐ இரவு முழுக்க ஓடவிடுவது இன்னும் நல்லது. ஒரு பிழை காட்டினாலும் அந்தத் துண்டைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். சோதனை முடியும்வரை புதிதாக எதையும் ஸ்கேன் பண்ணி வைக்க வேண்டாம்.

இன்னொன்று. விண்டோஸ் 10 க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை 2025 ஒக்டோபர் 14 உடன் மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. எவ்வளவு ராம் போட்டாலும் டி.டி.ஆர்.3 காலத்துக் கணினிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்றுக்கொள்ளாது. லினக்ஸ் மின்ட் இலவசம், 4 ஜிபியிலேயே நன்றாக ஓடும், தமிழும் ஒழுங்காகத் தெரியும். அக்காவின் மகளுக்கு அதைத்தான் போட்டுக் கொடுத்தேன். 2 ஜிபி இருந்த இடத்தில் இப்போது 8 இருக்கிறது. ஸ்கேன் பண்ண வேண்டிய கடிதங்கள் இன்னும் ஒரு பை மிச்சம் என்கிறாள்.