ராச்டேல் நெசவாளர் கடையும் அதன் காட்சிசாலையும்

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகருக்கு அணித்தாக உள்ள ராச்டேல் என்னும் ஊரில், டோடு லேன் தெருவின் 31ஆம் எண் கட்டடத்தை உலகக் கூட்டுறவாளர்கள் தம் இயக்கத்தின் பிறந்தகமாகப் போற்றுகின்றனர். (டோடு என்பது தேரையைக் குறிக்கும் சொல்லாயினும், 'பழைய தெரு' என்பதே அவ்வட்டார வழக்கில் இவ்வாறு மருவிற்று என்பர்.) 1931 முதல் காட்சிசாலையாக விளங்கும் இக்கட்டடம், புதுப்பிக்கும் பொருட்டுச் சில காலம் மூடப்பட்டு, ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசக் கூட்டுறவு ஆண்டாக அறிவித்த 2012இல் மீண்டும் திறக்கப்பெற்றது. தறியை நம்பி வாழும் அங்கத்தினர் பலரைக் கொண்ட நமக்கு, அங்கே காக்கப்படுவது யாது என்று அறிவது அவசியமாகும்.

ராச்டேல், ஃபிளானல் என்னும் கம்பளித் துணிக்குப் பெயர் பெற்ற ஊர். 1840ஆம் ஆண்டுகளில் அங்கு நெசவாளர் கூலி குறைவு. கடைகளில் கடனோ மிகுதி. மாவில் சுண்ணாம்புத்தூளும் படிகாரமும் கலந்து விற்ற காலம் அது. கூலி உயர்வு கேட்டும் கிடைக்காத நிலையில், நெசவாளரும் பிற தொழிலாளரும் வாரம் இரண்டு பென்னி வீதம் சேமிக்கத் தொடங்கினர். ஆளுக்கு 1 பவுனாக 28 பவுன் சேர்ந்தது. ஒரு பண்டகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தை ஆண்டுக்கு 10 பவுன் வாடகைக்கு எடுத்து, 1844 டிசம்பர் 21ஆம் நாள் மாலையில் கடை திறந்தனர். இருந்த சரக்கு 28 ராத்தல் வெண்ணெய், 56 ராத்தல் சர்க்கரை, 672 ராத்தல் மாவு, ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு, சில மெழுகுவர்த்திகள், அவ்வளவே. தெருச்சிறுவர்கள் 'கிழட்டு நெசவாளர் கடை' என்று கேலி செய்தனராம்.

கேலிக்குள்ளான அக்கடை நிலைத்ததற்கு அதன் விதிகளே காரணம் என்பது நம் கருத்து. எடை குறையாத, கலப்படமற்ற சரக்கு, ரொக்க வியாபாரம், பங்கு எத்தனையாயினும் ஆளுக்கு ஒரே வாக்கு. எல்லாவற்றினும் முக்கியமானது, இலாபத்தைக் கொள்முதலுக்கு ஏற்பப் பகிர்ந்தமை. ஒருவர் 10 பவுனுக்கும் மற்றவர் 5 பவுனுக்கும் சாமான் வாங்கியிருந்தால், முன்னவர்க்கு ஈவுத்தொகை இரு மடங்கு. ஆகவே, பணம் படைத்தவரைவிடக் கடையை நம்பி வாங்கிய குடும்பமே மிகுந்த பயன் பெற்றது. 1850இல் அங்கத்தினர் தொகை 600 ஆயிற்று. 1904இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் தோன்றிய கூட்டுறவுப் பண்டகசாலையும் இவ்வழியைப் பின்பற்றியதே.

புதுப்பித்தோர் கட்டடத்தை விரிவாக்கி, மாணவர் வந்து பயில இடமும் அமைத்தனர். ஆயினும் முன்னறையை அலங்கரிக்கவில்லை. அங்கே பீப்பாய்களும் பலகையும் தராசும் கொண்டு, 1844இல் இருந்த ஏழ்மைக் கோலத்திலேயே கடை வைக்கப்பட்டுள்ளது. சலவைக்கல் பரப்பியிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும்! இக்காட்சிசாலையைப் பேணும் அறநிலையமே மான்செஸ்டரில் கூட்டுறவு ஆவணக் காப்பகத்தையும் பேணி, பழைய ஏடுகளைப் பாதுகாத்து வருகிறது.

நம் பகுதிச் சங்கங்களிலோ பழைய நடவடிக்கைப் புத்தகங்கள் பரண்மேல் கரையானுக்கு இரையாகின்றன. தொடக்க காலப் பேரேடு, பங்குப் பத்திரம், நூல் வழங்கிய கணக்கு ஆகியன எவர் வீட்டிலேனும் இருப்பின், பழைய காகிதக்காரரிடம் போடுமுன் தத்தம் சங்கக் காரியதரிசிக்குத் தெரிவிக்குமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம்.