நீரிழிவுக் கல்வித் தாதியரும் அவர்களது சங்கமும்

கிழக்கிலங்கையின் கரையோர ஊர்களில் நீரிழிவு 'சீனி வருத்தம்' என்றே அழைக்கப்படுகிறது. தேநீரில் இடும் சீனியும் இரத்தத்தில் மிகும் குளுக்கோசும் ஒரே சொல்லால் சுட்டப்படுவதால், சீனியை நிறுத்தினால் வருத்தமும் நின்றுவிடும் என்ற எண்ணம் எளிதில் வேரூன்றி, தட்டில் விழும் சோற்றின் அளவு கவனத்துக்கு வராமலே போய்விடுகிறது. இந்தப் பிழையான விளக்கத்தை மாத்திரையால் திருத்த முடியாது. அதற்குப் பொறுமையோடு கற்பிக்கும் ஒருவர் வேண்டும். மருத்துவ உலகம் அப்பணியை ஒப்படைத்திருப்பவர்களுள் முதன்மையானோர் நீரிழிவுக் கல்வித் தாதியர் ஆவர். அப்பணிக்கு வரையறையும் தரமும் தொடர்ச்சியும் தருவதற்காக எழுந்தவையே அவர்களது தொழில்சார் சங்கங்கள்.

இலங்கையில் 2005–2006 காலப்பகுதியில் நடைபெற்ற தேசிய ஆய்வொன்று, வளர்ந்தோரில் ஏறத்தாழ 10 வீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதைக் காட்டியது. ஆய்வு முறைகள் வேறுபடினும், 2018–2019இல் நடைபெற்ற மற்றோர் ஆய்வில் இத்தொகை 20 வீதத்தைத் தாண்டியிருந்தமை நோய் பரவும் வேகத்தை உணர்த்துகிறது. வளர்ந்தோருள் ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு உள்ள நாட்டில், கிளினிக் நாளன்று ஒரு நோயாளிக்கு மருத்துவர் ஒதுக்கக்கூடியது சில நிமிடங்களே. அடுத்த கிளினிக் வரையிலான நாட்களில் எதை உண்பது, எப்போது ஊசி போடுவது, மயக்கம் வந்தால் என்ன செய்வது என்பவற்றையெல்லாம் நோயாளியே தீர்மானிக்க வேண்டியிருப்பதால், அவருக்கு அளிக்கப்படும் கல்வி சிகிச்சையின் ஓர் உறுப்பாகவே கொள்ளப்படுகிறது.

இக்கல்வி பொதுவான அறிவுரை அன்று. கைப்பழக்கமாக வரவேண்டிய செய்முறை அறிவு. இன்சுலின் ஊசியை ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் போட்டால் தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி உண்டாகி மருந்து சீராக உறிஞ்சப்படாது என்பதும், குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலின் குப்பியை வெயில் படாமல் ஈரமான மட்பானையின் குளிர்ச்சியில் பாதுகாக்கலாம் என்பதும், குருதிக் குளுக்கோசு ஒரு டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும் 'தாழ்சீனி' நிலையில் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடங்களுக்குப் பின் மீண்டும் அளந்து பார்க்க வேண்டும் என்பதும் அதில் அடங்கும்.

அக்கிழக்குக் கரையோரத்துக் கல்முனைக்குடி போன்ற ஊரில் இக்கல்வி அவ்வூரின் வாழ்க்கைமுறையை அறிந்தே அமைய வேண்டியுள்ளது. நீண்டகால நீரிழிவினால் பாதத்தின் உணர்ச்சி நரம்புகள் மரத்துப்போனவர், வெயிலில் காய்ந்த கடற்கரை மணலில் செருப்பின்றி நடந்தால் சூடு பட்டுக் கொப்புளம் எழுவதையோ சிப்பி கிழிப்பதையோ உணரமாட்டார். ஐவேளைத் தொழுகைக்காக வுழூச் செய்யும்போது கால்களைக் கழுவும் வழக்கம் பாதத்தைத் தூய்மையாக வைப்பதோடு, அதனை நாள்தோறும் உற்றுப் பார்ப்பதற்கும் நல்ல வாய்ப்பைத் தருகிறது. எனினும் விரலிடுக்குகளில் ஈரம் தங்கினால் பூஞ்சணம் பற்றுமாதலால், கழுவியபின் துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

றமழான் நோன்பு இதனினும் நுட்பமான விடயம். 13 நாடுகளில் 12,000க்கு மேற்பட்ட நீரிழிவாளர்களிடம் 2001இல் நடத்தப்பட்ட எபிடியார் ஆய்வு, இரண்டாம் வகை நீரிழிவு உள்ளோரில் கடுமையான தாழ்சீனி நிலை, நோன்பு மாதத்தில் ஏறத்தாழ ஏழரை மடங்கு உயர்ந்ததைக் கண்டது. லண்டனில் நடைபெற்று 2010இல் வெளியான சிறிய ஆய்வொன்றிலோ, நோன்புக்கு முன்னர் கல்வி பெற்றவர்களிடம் தாழ்சீனி நிகழ்வுகள் குறைய, பெறாதவர்களிடம் அவை நான்கு மடங்காயின. விடியலுக்கு முந்திய சஹர் உணவைப் பிந்தி உண்பது, மருந்தின் அளவையும் நேரத்தையும் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு மாற்றிக்கொள்வது, குளுக்கோசு 70க்குக் கீழிறங்கினாலும் 300ஐத் தாண்டினாலும் நோன்பை விட்டுவிடுவது ஆகியன அக்கல்வியின் சாரம். விரலில் குத்திக் குருதியைப் பரிசோதிப்பதால் நோன்பு முறியாது என்பது மார்க்க அறிஞர் பெரும்பாலோரின் கருத்தாயினும், நோயாளியின் மொழியில் தெளிவாக எடுத்துரைக்கப்படும்போதே அவரது தயக்கம் நீங்கும்.

தாதியர் இப்பணிக்கு வந்த வரலாறு இன்சுலினின் வரலாற்றோடு பிணைந்தது. 1922இல் இன்சுலின் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தப்பட்ட பின்னர், அதனை வீட்டில் தாமே ஏற்றிக்கொள்ள நோயாளிகளைப் பழக்குவது உடனடித் தேவையாயிற்று. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் மருத்துவர் எலியட் ஜொஸ்லின் தாதியரை நோயாளிகளின் இல்லங்களுக்கே அனுப்பிக் கற்பிக்கச் செய்தார். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 1950இல் மருத்துவர் ஜோன் வோக்கர், நீரிழிவுக்கென்றே தனியான சுகாதார வருகையாளர்களைப் பணியமர்த்தினார். கல்வியாலும் எளிதில் அணுகத்தக்க ஆலோசனையாலும் மருத்துவமனை அனுமதிகள் குறைவதை, 1972இல் லொஸ் ஏஞ்சலிஸ் பொது மருத்துவமனையிலிருந்து வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது.

அதற்கு அடுத்த ஆண்டிலேயே, 1973இல், அமெரிக்க நீரிழிவுக் கல்வியாளர் சங்கம் தோன்றியது. அவுஸ்திரேலியாவில் 1981இலும், ஐரோப்பாவில் நீரிழிவுத் தாதியர் கூட்டமைப்பாக 1995இலும் இத்தகைய அமைப்புகள் உருவாயின. இவற்றின் முதற்பணி, நீரிழிவுக் கல்வியாளர் யார் என்பதை வரையறுப்பதாகும். அமெரிக்காவில் 1986 முதல் தனியான சான்றளிப்பு வாரியமொன்று தேர்வு நடத்தி வருகிறது. அதில் அமர்வதற்கு 1,000 மணிநேரக் கற்பித்தல் அனுபவம் வேண்டப்பட்டதோடு, பெற்ற சான்றிதழும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. அந்நாட்டின் முதியோர் காப்புறுதித் திட்டமான மெடிகெயார், நோயாளிக்கு முதலாண்டில் 10 மணிநேர நீரிழிவுக் கல்விக்குக் கட்டணம் செலுத்துவது, கற்பித்தலும் ஊதியத்துக்குரிய சிகிச்சையே என்ற ஏற்பின் விளைவாகும்.

இலங்கையில் இத்தொழிலுக்கு வித்திட்டது, 1887இல் நிறுவப்பட்ட இலங்கை மருத்துவச் சங்கமாகும். உலக நீரிழிவு நிதியத்தின் உதவியுடன் அது முன்னெடுத்த 'நிரோகி லங்கா' திட்டம், அரச வைத்தியசாலைகளின் தாதியருக்குப் பயிற்சியளித்து, நீரிழிவுக் கல்வித் தாதிய உத்தியோகத்தர் என்னும் பிரிவினரை உருவாக்கியது. நோயற்றவர் என்று பொருள்படும் 'நிரோகி' என்ற சொல்லையே அத்திட்டம் பெயராகக் கொண்டது. எனினும் ஒரு திட்டத்துக்கு நிதியும் காலமும் வரம்பிடப்பட்டிருக்கும்; ஒரு தொழிலுக்கோ அத்தகைய வரம்பு இல்லை. அரச சேவையில் இடமாற்றம் இயல்பாதலால், கல்வியாளராகப் பயின்ற தாதியொருவர் வேறொரு விடுதியின் பொதுப்பணிக்கு மாற்றப்படும்போது அவரது அறிவும் கிளினிக்கை விட்டு நீங்கிவிடுகிறது. பயின்றவருக்குரிய பணியிடத்தைக் கோருவது, புதியவரைப் பயிற்றுவது, பாடங்களைக் காலத்துக்கேற்பத் திருத்துவது ஆகியவற்றைத் தாதியர் தாமே நடத்தும் வலுவான சங்கம் ஒன்றினாலேயே நிலையாகச் செய்ய இயலும்.

கல்முனைக்கு இத்தகைய சங்கம் மொழி சார்ந்த தேவையுமாகும். அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலைக்கும் வரும் முஸ்லிம், தமிழ் நோயாளிகள் தமிழிலேயே நோயைச் சொல்லித் தமிழிலேயே அதனை விளங்கிக்கொள்கின்றனர். கொழும்பில் ஆயத்தமாகும் உணவு அட்டவணையை மொழிபெயர்த்துக் கொடுப்பதால் மட்டும் அவர்களது தேவை நிறைவேறாது; நோன்புக் கஞ்சி, வட்டிலப்பம், கந்தூரிச் சோறு ஆகியவற்றை எந்த அளவில் உண்ணலாம் என்பதை இம்மக்களிடையே பணியாற்றும் தாதியரே எழுதித் தர வல்லவர்கள்.

2020ஆம் ஆண்டின் உலக நீரிழிவு தினம், தாதியரின் பங்கையே கருப்பொருளாகக் கொண்டிருந்தது. அந்தப் பாராட்டு ஒரு நாளோடு முடிந்துவிடாதிருக்க வேண்டுமாயின், நவம்பர் 14ஆம் திகதி சுவரொட்டி ஒட்டுவதோடு அமையாமல், நீரிழிவு கிளினிக் ஒவ்வொன்றிலும் கற்பிப்பதற்கென ஒரு தாதிக்கு மேசையும் நேரமும் பதவியும் ஒதுக்கப்பட வேண்டும். நோயாளிகளும் அடுத்த கிளினிக் நாளில் மருந்துச் சீட்டைப் பெற்றதும் திரும்பிவிடாமல், தமக்குக் கற்பிப்பவர் யார் என்று கேட்டறிந்து அவர் முன் சற்று அமர்ந்து வருதல் நலம்.